பேசுகிற ஆள்

இந்த அறையின் மின்விசிறிக்குப் பேரிங் போய்விட்டது, மேடம். சத்தத்தைக் கேட்டாலே தெரிகிறது. இப்போதே மாற்றிவிட்டால் சின்ன வேலை. விட்டுவைத்தால் மோட்டாரே எரிந்துவிடும். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆவடித் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறவன் நான். எதைப் பார்த்தாலும் எங்கே கோளாறு என்றுதான் கண் முதலில் போகும். என் மனைவி சுசீலா உயிரோடு இருந்தவரை, குழம்பை ஊற்றிவிட்டு நான் வாயில் வைக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பாவம், அவளும் ஒரு விதத்தில் என்னிடம் பரிசோதனைக்கு நின்றவள்தான்.

பூபாலன் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் நானாகவே வந்திருக்கிறேன். அவன் மகள் சுதா கொடுத்திருக்கும் புகாரை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அதில் பெரும்பகுதி சரி. சில இடங்களில் ஆத்திரத்தில் எழுதியிருக்கிறாள். சில இடங்களில் அவளுக்கே தெரியாதது விட்டுப்போயிருக்கிறது. அரைகுறையாக ஒன்றை அனுப்புவது எனக்குப் பிடிக்காது. ஆகவே முழுவதையும் சொல்கிறேன்.

முதலில் எங்கள் குவார்ட்டர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருப்பவர்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். நான் சாத்தூர்ப் பக்கம். எதிர் பிளாக் ஜெபா டீச்சர் குடும்பம் மார்த்தாண்டம். ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் சொந்தபந்தம் வந்து சேர ஒரு நாள் ஆகும். ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நீங்களும் நின்றிருப்பீர்கள். கதவு கொஞ்சமாகத் திறக்கும். உள்ளிருந்து ஒரு நர்ஸ் தலையை நீட்டி, "பேசுற ஆளு யாரு? அவர் மட்டும் வாங்க" என்பார். மனைவி முன்னால் வந்தால்கூட, "வேற யாராச்சும் ஆம்பளைங்க இல்லையா?" என்று கேட்கிற இடங்கள் உண்டு. அழுகிற ஆளிடம் பேச டாக்டர்களுக்கும் பயம்தான்.

ஜெபா டீச்சரின் கணவர் கல்லீரல் கெட்டுப் படுத்தபோது, அந்தக் கதவு திறந்ததும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வரும், சட்டை எப்போதும் இஸ்திரி போட்டிருக்கும், குரல் நடுங்காது. நான் போனேன். டாக்டர் கைவிரித்துவிட்டார். அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் வெளியே வந்து சொன்னேன். டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணன், நீங்க இல்லைன்னா நான் யார்ட்டப் போய் நிப்பேன்" என்று சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் நன்றாகச் சாப்பிட்டேன். அதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒரு மனிதன் பயன்பட்டால் பசிக்கத்தான் செய்யும்.

அதிலிருந்து நான்தான் பேசுகிற ஆள். யார் வீட்டில் யார் விழுந்தாலும், முதலில் ஆம்புலன்ஸுக்கு ஒரு போன், அடுத்தது எனக்கு.

போகப் போக ஒன்று தெரிந்தது, மேடம். டாக்டர்கள் எதையும் முழுசாகச் சொல்வதில்லை. "பார்க்கலாம்." "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது." "முயற்சி பண்ணிட்டிருக்கோம்." இதை அப்படியே வெளியே கொண்டுபோய்ச் சொன்னால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பெஞ்சில் உட்கார்ந்தே உருகும். எங்கள் பிரிவில் "பார்க்கலாம்" என்று ஒரு முத்திரை கிடையாது. ஒன்று தேறியது, இல்லையென்றால் தள்ளுபடி. ஆகவே உள்ளே அவர்கள் சொன்ன "பார்க்கலாம்" என்பதை, வெளியே வரும்போது நான் இரண்டில் ஒன்றாக ஆக்கிக் கொண்டுவந்தேன். கதவுக்கும் பெஞ்சுக்கும் நடுவே நடக்கும் தூரம் அதற்குப் போதுமானதாக இருந்தது. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நான்தான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். எனக்குச் சம்பளமே அதற்குத்தான்.

பூபாலனுக்கு வருகிறேன். லேத்தில் கடைசல் வேலை அவனுக்கு. சொந்த ஊர் திருமழிசை. பழைய விவசாயக் குடும்பம். பெரிய குரல், பெரிய சிரிப்பு. அவன் கேன்டீனில் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள உள்ளே போக வேண்டியதில்லை. சுதா புகாரில் ஒரு பழைய விஷயத்தை இழுத்திருக்கிறாள், அதனால் சொல்கிறேன். அவன் கடைந்த பாகங்களை நான் ஒரு தடவை தள்ளுபடி செய்தேன். அவன் மேலதிகாரியிடம் போய், மறுபடி அளக்கச் சொன்னான். அளந்தார்கள். சரியாக இருந்தது, என் அளவுகருவியில்தான் பிழை. அன்று கேன்டீனில் என்னைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, கண்ணாடி மாத்துற டைம் வந்துச்சு போல கீதே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அன்றைக்கு யார் யார் எந்த மேஜையில் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று.

போன ஐப்பசியில் திருமழிசையிலிருந்து வண்டியில் வந்துகொண்டிருந்தவனைப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு லாரி உரசிவிட்டது. தலையில் அடி. மூளையில் ரத்தம் கட்டி, ஆபரேஷன் செய்து, மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தார்கள். பணத்துக்குக் கவலையில்லை, தொழிற்சாலையே பார்த்துக்கொண்டது. பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அவன் மனைவி ராணி, மகள் சுதா, ராணியின் அண்ணன் தசரதன். கதவு திறந்தது. ராணி என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

தினமும் போனேன். அந்த மூன்று பேரையும் நன்றாகக் கவனித்தேன். தசரதன் மனை வாங்கி விற்கிற தரகன். ஐ.சி.யூ. வாசலிலும் போனில் "ரோடு டச் சைட்டு தலீவரே" என்று பேசிக்கொண்டிருந்தான். மச்சான் செத்தால் இவனுக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். சுதா படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தாள். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் வாரிசுக்கு வேலை கேட்கலாம் என்று குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெண் அழும்போது கண்ணீர் சரியான இடத்திலிருந்துதான் வருகிறதா என்று பார்த்தேன். ராணி வாய்விட்டு அழவில்லை. அதுவும் எனக்கு நெருடியது. இப்போது யோசித்தால் மூன்று பேர் மீதும் நான் கொண்டது வீண் சந்தேகம். ஆனால் அப்போது, இவர்களில் ஒருவரையும் நம்பி ஒரு உயிரை ஒப்படைக்க முடியாது என்று முடிவு செய்தேன். ஒரு தீர்ப்புக்கு அழாத ஆள் ஒருவன் வேண்டும்.

டாக்டர் முகமது ஆசிக் சின்ன வயது. நல்ல பிள்ளை. ஒரு சனிக்கிழமை என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். அவர் உங்களிடம் கொடுத்த வாக்குமூலம் சரிதான், நான் மறுக்கவில்லை.

"சார், அவர் கண்ணைத் திறக்கிறார். கூப்பிட்டா இடது கையை அசைக்கிறார். வலது பக்கம் வருமான்னு சொல்ல முடியாது. பேச்சும் எவ்வளவு வரும்னு தெரியாது. ஆனா உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை. இன்னும் ரெண்டு மூணு நாள்ல குழாயை எடுத்துப் பார்க்கலாம். ஒண்ணே ஒண்ணு, விழுங்குறது இன்னும் சரியா வரல. குழாய் எடுத்த பிறகும் வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். வீட்ல எல்லாருக்கும் இதைச் சொல்லிடுங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அந்தக் கதவிலிருந்து பெஞ்சு வரைக்கும் நடந்தபோது நான் யோசித்தது இதுதான். வலது பக்கம் வராது. பேச்சு வராது. அவ்வளவு சத்தமாகச் சிரித்தவன் எச்சில் ஒழுகிக்கொண்டு கிடப்பான். ராணி அவனைப் புரட்டிப் புரட்டித் துடைப்பாள். இது வாழ்க்கையா? எங்கள் பிரிவில் ஒரு பாகத்தில் ஒரு பக்கம் அளவு தவறினாலும் மற்ற பக்கங்களைப் பார்க்க மாட்டோம். டாக்டர் "தெரியாது" என்று சொன்னதை நான் "வராது" என்று எடுத்துக்கொண்டேன், உண்மைதான். யாராவது ஒருவர் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

ராணி எழுந்து நின்றாள். "இன்னா அண்ணே சொன்னாரு டாக்டரு?"

"மூளை வேலை செய்யலம்மா. மெஷின் நிறுத்தினா மூச்சும் நின்னுடும். வீட்டுக்குக் கொண்டு போறதுதான் மரியாதைன்னு சொல்லாம சொல்றாரு."

"கண்ணத் தொறந்தாரு அண்ணே. நேத்து நான் உள்ள போவசொல்ல என்னியே பாத்துகினு இருந்தாரு."

"அது பார்வை இல்லம்மா. நரம்பு தானா இழுக்குறது."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுதா மட்டும் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அங்கிள், டாக்டர் சொன்னத அப்டியே சொல்லுங்க. அவர் சொன்ன வார்த்தையிலயே சொல்லுங்க."

"அதைத்தான் சொன்னேன்."

"நானும் அவராண்ட பேசணும்."

"ஆபரேஷனுக்குப் போயிட்டாரும்மா" என்றேன். போகவில்லை, உள்ளேதான் இருந்தார். ஆனால் அந்தப் பெண் என்னைச் சந்தேகப்பட்டது எனக்கு உறைத்தது. இத்தனை குடும்பங்களில் என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

மறுநாள் ஞாயிறு. டாக்டர் ஆசிக் விடுமுறை. வேறொரு இளம் டாக்டர் இருந்தார். குடும்பத்தார் எல்லோரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள், சொந்த வீட்டில் உயிர் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். மனைவியை அழைத்து, "முழுசா புரிஞ்சுதாம்மா? எங்க பேச்சை மீறித்தான் கூட்டிட்டுப் போறீங்க" என்று கேட்டார். ராணி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவளும் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

திருமழிசையில் பழைய தெருவில் அவர்கள் பூர்வீக வீடு. ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக் கூடத்தில் கிடத்தினோம். கூட வந்த ஆள் குழாயை எடுத்துவிட்டு, வண்டி வேறு இடத்துக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான். குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ஜெபா டீச்சரும் இருந்தார். வாசலில் ஷாமியானா கட்டியாகிவிட்டது. ஐஸ் பெட்டி வண்டியும் வந்து தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது. தசரதன் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தான், நான் சொல்லித்தான்.

எல்லோரும் பூபாலனின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறி இறங்கியது. நிற்கவில்லை.

பால் ஊற்றினார்கள். ஒவ்வொருவராகக் கரண்டியின் நுனியில் தொட்டு உதட்டில் விட்டார்கள். முதலில் இருமினான். பிறகு உதட்டை நக்கினான். மதியம் கடந்தது. ஐஸ் பெட்டிக்காரன் வாசலில் வந்து, "எப்பண்ணா எறக்கலாம்? இன்னொரு எடம் கீது" என்று கேட்டுவிட்டுப் போனான். அப்போதுதான் பூபாலன் கண்ணைத் திறந்து, தொண்டை கரகரக்க, "தண்ணி" என்றான்.

அந்தக் கூடத்தில் எழுந்த சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ராணி அவன் மேலேயே விழுந்தாள். "அப்பா தண்ணி கேக்குது! பேசுது!" என்று சுதா கத்தினாள். தசரதன், நான் மச்சான் சாவுக்குக் காத்திருப்பவன் என்று நினைத்த அதே தசரதன், ஓவென்று அழுதுகொண்டே போனை எடுத்தான்.

"ஆம்புலன்ஸ கூப்புடுறேன். திரும்ப இட்டுகினு போலாம். அந்த ஆஸ்பத்திரி வோணாம், வேற டாக்டராண்ட காட்டலாம். இவனுங்க தப்பா சொல்லிக்கிறானுங்க."

நான் தூணோரமாக நின்றிருந்தேன். குவார்ட்டர்ஸ் ஆட்கள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். ஜெபா டீச்சர் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. தன் கணவரைப் பற்றியும் நான் என்ன சொன்னேன் என்று அந்த அம்மாள் அந்த நிமிடத்தில் எண்ணிப்பார்த்திருப்பார். அவர் விஷயத்தில் நான் சுத்தம். அவருக்கு அப்புறம் வந்தவர்கள் எத்தனை பேர் அந்த வேனில் இருந்தார்கள், யார் யார் வீட்டில் நான் எதை எதுவாக்கிச் சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறேன். அப்போது என் மனதில் ஓடியது அதுதான். இந்த ஒன்றை மறுபடி அளந்தால் எல்லாவற்றையும் மறுபடி அளப்பார்கள். இத்தனை வீடுகள் நிம்மதியாகத் தூங்குகின்றன, மேடம். ஒருவனுக்காக அத்தனை பேரையும் எழுப்புவதா?

"தசரதன், போனை வைங்க" என்றேன். "டாக்டர் இதையும் சொன்னார். கடைசியில இப்படித் தெளிஞ்ச மாதிரி வரும், ஏமாந்து திரும்பக் கொண்டு வந்துடாதீங்க, வழியில வண்டியிலயே போயிடும்னார். அநாதையா ரோட்டுல போகணுமா, வீட்டுல போகணுமா, நீங்களே சொல்லுங்க."

அவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். மனிதர்கள் நல்லவர்கள். தெளிவான குரலில் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பிறகு நான் ஒரு கேள்விதான் கேட்டேன். பூபாலனின் அத்தை பார்வதம் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்க் குனிந்து, "ஏன் இப்படி இழுத்துக்கிட்டு இருக்கு? அவனுக்கு ஏதாவது நிலம் நீச்சுல மனசு மாட்டிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாளுக்குக் கண் விரிந்தது. "ஐயோ, ஏரிக்கரை நெலம்! விக்கசொல்ல எப்டி அழுதான் தெரிமா? மண்ணாசடி ராணி, மண்ணாச! மண்ணக் கரைச்சு ஊத்துங்க, அமைதியா பூடுவான்."

நான் பகுத்தறிவு பேசுகிறவன். குவார்ட்டர்ஸில் கிரகணத்தன்று எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அந்தப் பழக்கத்தை நான் நம்பவில்லை. ஆனால் அது வேலை செய்யும் என்று தெரியும். சாத்தூரில் என் அப்பா நெடுநாள் படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது கரிசல் மண்ணைக் கரைத்து ஒரு செம்பு நிறைய ஊற்றினார்கள். ஆசை அடங்கிவிட்டது என்று எல்லோரும் கும்பிட்டார்கள். நான் தலைமாட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விழுங்கத் தெம்பில்லாதவன் வாயில் செம்புத் தண்ணீரை ஊற்றினால் அது எங்கே போகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஆசிக் பிறகு சொன்னது எனக்குப் பழைய பாடம்தான்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த அந்த நிலத்தில் இப்போது பெரிய கிடங்கு. முழுக்க கான்கிரீட். தசரதன் போய் மதில் சுவர் ஓரத்தில் தோண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து வந்தான். பிரித்துப் பார்த்தேன். ஜல்லி இருந்தது, சிமென்ட் தூள் இருந்தது. இதை அப்படியே எப்படிக் கொடுப்பது? தண்ணீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் நானே இரண்டு தடவை வடிகட்டினேன். கல் ஏதாவது தொண்டையில் மாட்டினால் பாவம் அவனுக்கு வலிக்கும். அந்த மட்டில் நான் கவனமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவிதான் முதலில் ஊற்ற வேண்டும் என்று பார்வதம் சொன்னார். ராணி சொம்பை வாங்கிக்கொண்டாள்.

"தலைய கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கவா அங்கிள்?" என்று சுதா கேட்டாள்.

"வேண்டாம். கழுத்துல அடி. அசைக்கக் கூடாது."

அது பொய். கழுத்தில் ஒன்றுமில்லை.

பூபாலனுக்குத் தாகம். முதல் வாயை ஆவலாகத்தான் எடுத்துக்கொண்டான். அடுத்த வாயில் இருமல் வந்தது. கண் பிதுங்கியது. இடது கை மேலே வந்தது. அந்தக் கை எவ்வளவு பலமாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியம். சொம்பைப் பிடித்துத் தள்ளினான். ராணி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா அண்ணே, வோணாங்குறாரா?"

அப்போது பூபாலனும் என்னைப் பார்த்தான். அவனுக்கு என்னை நன்றாகத் தெரிந்தது. நான் யார், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்தக் கூடத்தில் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான். அவனால் பேச முடியவில்லை. பேசுகிற ஆள் நான்.

"இல்லம்மா, கேக்குறான். இழுத்துப் புடிக்குறான் பாரு. குடு" என்றேன்.

அவள் கொடுத்தாள். சொம்பு காலியாகும்வரை கொடுத்தாள். கண்ணீரோடு, "குடிச்சுக்கயா, ஒன் நெலம்தான், குடிச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பார்வதம் ஒப்பாரியைத் தொடங்கினார். ஐஸ் பெட்டியை இறக்கினார்கள். ஜெபா டீச்சர் என்னிடம் வந்து, "நீங்க சொன்னபடியே ஆயிட்டு அண்ணன்" என்றார். அவர் பார்வையில் இருந்தது போய்விட்டிருந்தது. எனக்கு உடம்பே லேசானது.

சுதா வாரிசு வேலைக்கு ஏதோ காகிதம் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். டாக்டர் ஆசிக் அவளை நிறுத்தி, "உங்க அப்பா நல்லாத் தேறிட்டு வந்தாரேம்மா, ஏன் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டிருக்கிறார். மிச்சத்தை அவளே கோத்துக்கொண்டாள். அந்த வேலையையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இங்கே ஒரு பிழையை ஒப்புக்கொள்கிறேன்: அந்தப் பெண்ணைத் தப்பாக எடை போட்டுவிட்டேன்.

இந்த உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது என்று கேட்டீர்கள். நான் திருப்பிக் கேட்கிறேன், யாருக்குக் கொடுத்திருப்பீர்கள்? டாக்டருக்கா? ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆளே மாறிவிடுகிறது. மனைவிக்கா? கண்ணீரில் எழுத்தே தெரியாமல் கையெழுத்துப் போட்டவள். மச்சானுக்கா? மகளுக்கா? படுத்திருப்பவனைக் கேட்க வேண்டும் என்பீர்கள். அவன் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, தண்ணீர். அதைக் கொடுத்தோம்.

ஆம், மேடம். பூபாலன் தேறிக்கொண்டிருந்தான் என்று எனக்குத் தெரியும். அவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் சாவான் என்று எனக்குத் தெரியும். ராணியின் கையால் நான்தான் அவனைக் கொன்றேன். இதில் அடித்தல் திருத்தல் எதுவும் வேண்டாம். ராணியிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள். சுதாவும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று தெரிகிறது. ராணி தாங்க மாட்டாள். யாருக்கு எதைச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் இருந்தால் கொடுங்கள். கொஞ்சம் வியர்க்கிறது. இல்லை, பயமில்லை. இதயத்தில் ஏற்கெனவே ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரையும் உண்டு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் மகள் சௌம்யா. காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் சுதாவும் ஒன்றாகப் படித்தவர்கள். வரும் வழியில் வண்டிக் கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்த விதத்தைக் கவனித்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், இதையும் வாக்குமூலத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கே நான் விழுந்துவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இருக்கிற மெஷின் எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று சௌம்யாவைக் கேட்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், எத்தனை நாளானாலும் குழாயை எடுக்க வேண்டாம். ஒரு பக்கம் வராமல் போனாலும் பரவாயில்லை, பேச்சே வராமல் போனாலும் பரவாயில்லை, நான் கிடந்துகொள்கிறேன்.